பயத்துக்குப் போடும் உப்பு

திண்டுக்கல் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இது புதிதில்லை. அடுப்படியில் இரண்டு வகைக் குடம் இருக்கும். ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. விருந்தாளி தெரியாமல் சொம்பை மாற்றி விட்டுவிட்டால், “அய்யய்யோ, அது பொழங்குற தண்ணி!” என்று வீட்டுக்காரம்மா பதறிக்கொண்டு ஓடி வருவார். குழந்தைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே எந்தக் குடம் எது என்று தெரிந்துவிடும்.

இந்த உப்புக்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. மலைக்கோட்டையைப் பார்த்தாலே ஊரின் அடியில் என்ன இருக்கிறது என்பது புரியும். மொத்தமும் கடினப் பாறை. பாறையின் மேல்பகுதி சிதைந்த இடத்திலும், உள்ளே ஓடும் வெடிப்பிலும்தான் நிலத்தடி நீர் தேங்கும். ஆழமாகப் போர் போடப் போட, பல காலமாகப் பாறையோடு கிடந்து கரைசல் ஏறிய தண்ணீர்தான் வரும். அது இயற்கை, யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் தோல் ஷாப்கள் உள்ள பக்கம் போனால் கதை வேறு. அங்கே உப்பு பாறையிலிருந்து வரவில்லை. லாரியில் வந்தது.

தோலோடு வரும் உப்பு

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும்தான் நினைவுக்கு வரும். மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது தோல். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்ட காலம் தொட்டு இந்த ஊருக்கும் தோலுக்கும் உறவு உண்டு. இங்கே வழக்கறிஞராக வாழ்ந்த டி.செல்வராஜ், தோல் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய ‘தோல்’ நாவலுக்கு 2012-ம் ஆண்டின் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, திண்டுக்கல்லைச் சுற்றி சுமார் 80 தோல் ஷாப்கள் இருப்பதாகக் கணக்கிட்டது. குடகனாற்றின் மேல்படுகையில் இவர்கள் எடுத்த தண்ணீர் மாதிரிகளில் தூக்கலாகத் தெரிந்தவை சோடியமும் குளோரைடும். சேர்த்துச் சொன்னால், சாப்பாட்டு உப்பு.

தோல் கழிவு என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது குரோமியம். அது ஆபத்தானது, சந்தேகமில்லை. ஆனால் கிணற்றைக் கெடுத்ததில் பெரிய பங்கு, நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் அப்பாவியாக உட்கார்ந்திருக்கும் இந்த உப்புக்குத்தான்.

இது எங்கிருந்து வருகிறது? ஆட்டை உரித்த சில மணி நேரத்திலேயே தோல் கெட ஆரம்பித்துவிடும், அதுவும் நம் ஊர் வெயிலில். பாக்டீரியா புகுந்தால் முதலில் முடி கழன்று வரும், பிறகு தோலே இற்றுப்போகும். கறிக்கடையிலோ தோல் மண்டியிலோ இருப்பவருக்குக் கையில் இருக்கும் மலிவான காவல், உப்பு. உரித்த தோலை விரித்து, உள்பக்கம் உப்பை அள்ளித் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். தோலின் ஈரத்தை உப்பு இழுத்துவிடும். ஈரம் இல்லாத இடத்தில் பாக்டீரியாவுக்கு வேலையில்லை. நம் வீட்டுக் கருவாட்டுக்கும் இதே சூத்திரம்தான்.

எவ்வளவு உப்பு? தோலின் எடையில் 40 சதவீதம் வரை, சில இடங்களில் அதற்கும் மேல். அவ்வளவு தேவையா என்று கேட்டால், பல நேரங்களில் இல்லை. ஆனால் லாரி எப்போது வரும், வழியில் எத்தனை நாள் நிற்கும், மண்டியில் எத்தனை வாரம் கிடக்கும் என்று போடுகிறவருக்குத் தெரியாது. குறைத்துப் போட்டு ஒரு அடுக்கு கெட்டுப்போனால் நஷ்டம் அவருக்கு. கூட ஒரு கை போட்டால் ஆகும் செலவு ஒன்றிரண்டு ரூபாய். மாங்காய் ஊறுகாய் போடும்போது, பூசணம் பிடித்துவிடுமோ என்று அம்மா கடைசியாக இன்னொரு பிடி போடுவாரே, அது அளவுக்குப் போடும் உப்பு இல்லை. பயத்துக்குப் போடும் உப்பு.

ஊறுகாயில் அந்தப் பிடி நம் நாக்குக்குத்தான் வந்து சேரும். தோலில் அப்படி இல்லை. உப்பு போட்டவர் வேறு ஊரில், பல நேரம் வேறு மாநிலத்தில் இருப்பார். தோல் திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்ததும் நடக்கும் முதல் வேலை, அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவது. காய்ந்த தோலை மறுபடி பச்சைத்தோல் மாதிரி ஆக்க, தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அந்த ஊறல் தண்ணீரோடு உப்பு மொத்தமும் வெளியே வந்துவிடுகிறது. ஒரு தோல் ஷாப்பின் கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்புகளில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தக் காவல் உப்பிலிருந்து வந்தது என்பது தோல் துறை ஆய்வுகள் தொடர்ந்து சொல்லும் கணக்கு.

ஒரு டீஸ்பூன், ஒரு குடம்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 250-ஐத் தாண்டும்போதுதான் நாக்கில் உப்பு கரிக்கத் தொடங்கும்.

ஒரு டீஸ்பூன் உப்பு சுமார் 6 கிராம். அதில் குளோரைடு மட்டும் மூன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதை ஒரு குடம் சுத்தமான தண்ணீரில் கரைத்தால், கிட்டத்தட்ட அந்த 250 எல்லையைத் தொட்டுவிடும். ஒரு டீஸ்பூனுக்கு ஒரு குடம்!

இப்போது தோலுக்கு வரலாம். ஒரு டன் தோலுக்கு 400 கிலோ உப்பு என்று வைத்துக்கொள்வோம். அதில் குளோரைடு 240 கிலோ. அது முழுவதும் தண்ணீரில் கரைந்தால், 10 லட்சம் லிட்டருக்குச் சற்றுக் குறைவான நல்ல தண்ணீரை அதே எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் சொன்னால் 80 லாரி. ஒரே ஒரு டன் தோலுக்கு.

இதன் விளைவு நீதிமன்ற ஆவணத்திலேயே பதிவாகியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. வேலூர், ஆம்பூர் என்றே அந்த வழக்கு பேசப்பட்டாலும், உத்தரவு போடப்பட்ட ஐந்து மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கை அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நாலு கிணற்றில் மூன்று! பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணீருக்காக மைல் கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது என்றும் அதில் இருக்கிறது.

மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக உட்கார்ந்தது அந்தத் தீர்ப்பில்தான். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம், இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம், சுத்திகரிப்பு வசதி இல்லையென்றால் மூடல் என்று உத்தரவுகள் வந்தன. சட்டக் கல்லூரிப் பாடப்புத்தகத்தில் இன்றும் அந்த வழக்கு இருக்கிறது. பாலாற்றுப் பக்கத்துப் பாதிப்புக்கான இழப்பீடும் சீரமைப்பும் 2025 ஜனவரி 30-ல் மறுபடி உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பாக வந்தது என்றால், இந்த உப்பு எத்தனை பிடிவாதம் பிடித்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிவாதம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சாக்கடை கலந்த தண்ணீரை நுண்ணுயிர்கள் தின்று சுத்தம் செய்யும். குரோமியத்தை வேதிப்பொருள் போட்டு வண்டலாக அடியில் படிய வைக்கலாம். குளோரைடு இரண்டுக்கும் மசியாது. எதனோடும் சேராது, படியாது, மக்காது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே கூடவே போகும். வழக்கமான கூட்டுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நாற்றம் போகும், நிறம் குறையும். உப்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே வெளியே வரும்.

அதைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும். ஆர்.ஓ. கழித்துவிடும் உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும், அதற்கு எரிபொருள் வேண்டும். எல்லாம் செய்து முடித்தால் கடைசியில் மிஞ்சுவது பலவகை உப்புகள் கலந்த ஒரு குவியல். வாங்க ஆள் கிடையாது. கொட்டகை போட்டு மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்க வேண்டியதுதான். ஊறல் தண்ணீரைப் பாத்தி கட்டி வெயிலில் காய வைக்கும் முறையும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பாத்தி எப்படிக் காயும் என்று கேட்கக் கூடாது.

டொரன்டோவிலும் இதே உப்பு

உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது கனடாவில் இருந்தால் இந்தக் காட்சியை வீடியோ காலில் பார்த்திருப்பீர்கள். தெருவெல்லாம் வெள்ளைப் பனி. ஆரஞ்சு விளக்கு சுழல ஒரு லாரி வரும். பின்னால் ஒரு தட்டு சுற்றிச் சுற்றி எதையோ இறைத்துக்கொண்டே போகும். அது உப்பு. உப்பு கலந்த தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது, அதற்கும் கீழே போனால்தான் உறையும் என்பதால், சாலைப் பனியை இளக்க இந்த வழி. டொரன்டோ மாநகராட்சி மட்டும் ஒரு குளிர்காலத்தில் சாதாரணமாக ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கொட்டுகிறது. கனடா அரசு 2001-ல் வெளியிட்ட மதிப்பீட்டின் கணக்கில், நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன்.

பனி உருகியதும் அந்த உப்பு ஓடைக்கும், ஏரிக்கும், நிலத்தடிக்கும் போகிறது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று அந்த 2001 மதிப்பீடு முடிவு செய்தது. 2004-ல் அதைக் குறைப்பதற்கான நடைமுறை விதிகளும் வந்தன. தடை செய்யவில்லை. பனிக்கட்டியில் பஸ் வழுக்கினால் உயிர் போகும் என்பதால் செய்யவும் முடியாது. உப்பு வேண்டும், ஆனால் இவ்வளவு வேண்டாம் என்பதுதான் அங்கே நடக்கும் பேச்சு.

குறைக்கும் வழிகளைக் கேட்டால் ‘இதுக்கா இவ்வளவு நாள்?’ என்று தோன்றும். முதலில் பனியை வழித்துத் தள்ளு, பிறகு உப்பு போடு. பனி விழுவதற்கு முன்பே உப்புக் கரைசலைச் சாலையில் கோடு கோடாகத் தெளித்துவிட்டால், பனி சாலையோடு ஒட்டாது. உப்பைக் கொஞ்சம் நனைத்துப் போட்டால் துள்ளி ஓரத்துக்கு ஓடாது. லாரியின் தட்டு எவ்வளவு இறைக்கிறது என்று அளந்து சரிசெய். சாலையின் வெப்பநிலை மைனஸ் 10-ஐ ஒட்டிப் போய்விட்டால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது, அப்போது கொட்டுவது வீண், மணல் போடு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் இதற்காகவே ஓட்டுநர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் பயிற்சி வகுப்பு நடத்துகிறது.

இருந்தும் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டது. கடை, ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட் வாசல்களில் உப்பு போடும் தனியார் ஒப்பந்ததாரர்கள் குறைக்க மறுத்தார்கள். யாராவது வழுக்கி விழுந்தால் வழக்கு அவர்கள் மேல் வரும். அதனால் காலுக்கடியில் நறநறவென்று மிதிபடும் அளவுக்குக் கொட்டினார்கள். கறிக்கடைக்காரரின் அதே கணக்கு. கூட ஒரு கை உப்புக்கு ஆகும் செலவு கொஞ்சம். குறைத்துவிட்டால் வரும் வம்பு பெரிது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இந்த முடிச்சில் கை வைத்தது. உப்பை அளவாகப் போடும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி, எங்கே எவ்வளவு போட்டோம் என்று கணக்கு வைத்திருக்கும் ஒப்பந்ததாரருக்கு, வழுக்கி விழுந்த வழக்குகளிலிருந்து ஓரளவு பாதுகாப்பு தரும் சட்டத்தை 2013-ல் கொண்டுவந்தது. உப்பைக் குறை என்று உபதேசம் செய்ததைவிட, குறைத்தவரின் பயத்தைக் குறைத்தது.

நம் ஊரில் யார் பயத்தைக் குறைப்பது?

தோலில் உப்பைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. 1948-ல் தொடங்கிய சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இதில் வேலை செய்திருக்கிறது. உப்பின் அளவைப் பெருமளவு குறைத்து, கூடவே சிறிதளவு போரிக் அமிலமோ சிலிக்கா ஜெல்லோ சேர்த்துத் தோலைக் காக்கும் முறைகளை அங்குள்ள ஆய்வாளர்கள் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஊறவைத்த பிறகு, பதனிடுவதற்கு முந்தைய கட்டத்தில் அமிலத்தோடு இன்னொரு முறை உப்பு சேர்ப்பார்கள். அதற்குத் தொழிலில் பெயரே ‘பிக்கிள்’, நம்ம ஊறுகாய்தான். அந்தக் கட்டத்தையே தவிர்க்கும் குரோம் பதனிடும் முறையும் அதே நிறுவனத்திலிருந்து வந்திருக்கிறது.

இவற்றைவிட எளிய வழி ஒன்று உண்டு. உதறுவது! ஊறப்போடுவதற்கு முன் தோலை மரச்சட்டத்தின்மேல் அடித்து உதறினாலோ, துளை போட்ட உருளையில் போட்டுச் சுற்றினாலோ, ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு பகுதி காய்ந்த உப்பாகவே உதிர்ந்துவிடும். தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரிக்க ஆர்.ஓ.வும் கொதிகலனும் தேவைப்படும். காய்ந்த உப்பைக் கூட்டி அள்ள விளக்குமாறு போதும். சுற்றுச்சூழல் தொழில்நுட்பங்களில் இவ்வளவு மலிவானது வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் இது முழுத் தீர்வு இல்லை. உதிர்ந்த உப்பில் ரத்தமும் முடியும் மண்ணும் கலந்திருக்கும். அதை எங்கே கொட்டுவது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. உதறித் தள்ளிய உப்பு மழையில் கரைந்தால், போய்ச் சேரும் இடம் அதே கிணறுதான்.

அடிப்படையில் உப்பே இல்லாத வழி, நேரம். உரித்த தோலைக் குளிரூட்டி, கெடுவதற்கு முன் தோல் ஷாப்புக்குக் கொண்டுபோய்விட்டால் காவலுக்கு உப்பு தேவையில்லை. பெரிய இறைச்சிக் கூடங்களும் அதன் பக்கத்திலேயே தோல் ஆலைகளும் உள்ள நாடுகளில் இது நடக்கிறது. நம் ஊரில் ஆடு உரிக்கப்படுவது ஒரு இடத்தில் அல்ல. தெருவுக்கு ஒரு கறிக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒவ்வொரு கடையிலும் சில தோல்கள், அதைச் சேகரிக்க ஒருவர், அவரிடமிருந்து வாங்க ஒரு மண்டி, மண்டியிலிருந்து லாரி. பக்ரீத் அன்று ஒரே நாளில் மலைபோல் குவியும். நாலு கை மாறும் சங்கிலியில் எந்தக் கைக்கும் அடுத்த கையின் மீது நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் உப்பு ஏறுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த உப்பும் முழு உத்தரவாதம் இல்லை. உப்பிலேயே வாழப் பழகிய பாக்டீரியா வகைகள் இருக்கின்றன. நாள்பட்டுக் கிடக்கும் உப்புத் தோலில் சிவப்புத் திட்டாக அவை படரும். தொழிலில் இருப்பவர்கள் அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே விலையைக் குறைத்துவிடுவார்கள்.

ஒரு கேள்விக்குத்தான் இங்கே இன்னும் பதில் இல்லை. குறைந்த உப்பில் காத்த தோல் ஒரு அடுக்கு கெட்டுப்போனால் நஷ்டம் யாருக்கு? இன்றைக்கு அது மண்டிக்காரர் வழியாகக் கறிக்கடைக்காரர் தலையில் விடிகிறது. அவருக்கு ரெட்டியார்சத்திரத்துக் கிணறு தெரியாது. தெரிந்தாலும், தன் தோலைப் பணயம் வைத்து அதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவரிடம் கேட்பது நியாயமில்லை. உப்பு குறைவான தோலுக்கு டன்னுக்கு இவ்வளவு கூடுதல் விலை என்று வாங்குகிறவர் சொன்னால் நிலைமை மாறும். அந்தக் கூடுதல் விலை, ஆர்.ஓ.வுக்கும் கொதிகலனுக்கும் ஆகும் செலவில் மிச்சமாகிற பணத்திலிருந்தே வரலாம். கெட்டுப்போகும் சிறு பங்குக்கு ஒரு பொதுக் காப்பீடு இருந்தாலும் மாறும். கழிவுநீர்க் குழாயின் கடைசி முனையில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்புகளுக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. உரித்த தோலில் முதல் பிடி உப்பு விழும் இடத்தில் எந்த அளவுகோலும் இல்லை.

அதுவரை குடகனாற்றுப் பக்கத்துக் கிணறுகளின் உப்பை மழைதான் கொஞ்சம் இறக்கி வைக்கும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷம் தண்ணீர் மேலே வரும், கரிப்பு குறையும். இந்த வருஷம் கிணறு தேவலாம் என்று சிலர் அந்தத் தண்ணீரிலேயே பருப்பு வேக வைத்துப் பார்ப்பார்கள். மாசி பிறந்து வெயில் ஏற ஏற நீர்மட்டம் இறங்கும். எந்த மீட்டரும் இல்லாமலே நாக்கு அதைச் சொல்லிவிடும். அடுப்படியில் மறுபடி குடங்கள் இரண்டாகப் பிரியும்.